பூச்சிமருந்தும் பரம்பரையும்

கமக்காரர் ஒருவர் தம் தோட்டத்திற்கு மருந்து தெளிக்கிறார். முதலாண்டிலே பூச்சிகள் கொத்துக் கொத்தாய் மடிகின்றன. நாலைந்து ஆண்டு சென்றபின், அதே மருந்தை அதே அளவில் தெளித்தும் பூச்சிகளுள் பெரும்பாலானவை அசைவதில்லை. மருந்திற் கலப்படம் என்று கடைக்காரரை நோகிறார். அடுத்த முறை கடன்பட்டேனும் அளவை இரட்டிப்பாக்குகிறார். கலப்படம் சிலவேளை மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் பல இடங்களில் மாறியது மருந்தன்று, பூச்சியே. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தால், அளவை இரட்டிப்பது ஏன் பெரும்பாலும் வீண்செலவாய் முடிகிறது என்பதும் விளங்கும்.

இது புதிய தொல்லையன்று. அமெரிக்காவின் வாசிங்ரன் மாநிலத்தில், பழமரங்களைப் பற்றும் சான் யோசே செதிற்பூச்சியைச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலால் அழித்து வந்தார்கள். சில தோட்டங்களில் அக்கரைசலுக்கும் பூச்சிகள் சாகாதிருப்பதை மெலாந்தர் என்னும் பூச்சியியலறிஞர் கண்டு, மருந்துகளை எதிர்த்து நிற்கும் வல்லமையைப் பூச்சிகள் பெறக்கூடுமா என்ற வினாவை 1914இல் எழுப்பினார். பவுல் மூலர் என்பார் டி.டி.ரி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டது அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1939இலே தான்.

அபின் தின்பவனுக்கு அபின் பழகுவது போலப் பூச்சிக்கும் நஞ்சு பழகிவிடுகிறது என்று பலர் எண்ணுவர். நேயர்கள் இவ்வெண்ணத்தை முதலிற் கைவிட வேண்டும். 1960இல் பெனெற் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட பழ ஈச் சோதனை ஒன்று இதனை அழகாகத் தெளிவாக்கியது. ஒரு தாயின் பிள்ளைகளான ஈக்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மட்டும் டி.டி.ரி. கொடுக்கப்பட்டது. எக்குடும்பத்தில் அதிகமானவை பிழைத்தனவோ, அக்குடும்பத்தில் நஞ்சே தீண்டாத உடன்பிறப்புகளைக் கொண்டு அடுத்த தலைமுறை பெருக்கப்பட்டது. இவ்வாறு பல தலைமுறை சென்றபின் கிடைத்த ஈக்கள் டி.டி.ரி.க்கு அஞ்சாதவையாய் இருந்தன. அவற்றின் முன்னோர் எவையும் அதனைத் தொட்டதில்லை! எதிர்ப்பாற்றல் நஞ்சிலிருந்து கற்ற பாடமன்று. கூட்டத்திற் சிலவற்றிடம் முன்னரே கிடந்த பரம்பரைச் சொத்து. மருந்து செய்வது வடிகட்டும் வேலையே. வலுவற்றவை மடிய, எஞ்சிய சிலவே நாளைய கூட்டத்திற்குத் தாய் தந்தையாகின்றன.

அச்சொத்து யாது? உயிரின் ஒவ்வோர் இயல்பும் தங்கியிருக்கும் பரம்பரையலகிலே தற்செயலாய் நேரும் சிறு மாற்றமே அது. அதனை விகாரம் என்பர். டி.டி.ரி.யானது பூச்சியின் நரம்பிலே சோடியம் செல்லும் வாயிலைப் பற்றிக்கொண்டு, அதை மூடவிடாது செய்கிறது. பூச்சி வலித்து வலித்து மடிகிறது. அவ்வாயில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி. அவற்றுள் ஒன்றே ஒன்று, லியூசின் இருக்கவேண்டிய இடத்திற் பீனைலலனின் வந்தமைவது, நஞ்சின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. வீட்டு ஈயில் இது 1996இல் வெளியாயிற்று. பின்னர் அழுக்கணவனிலும், கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியிலும் அதே மாற்றம் காணப்பட்டது. டி.டி.ரி.க்குப் பின்வந்த பைரெத்திரோயிட்டு மருந்துகளும் அதே வாயிலையே பற்றுவன. ஆகையால் பழைய மருந்தை வென்ற பூச்சி, புதியதைக் காணுமுன்பே அதையும் ஓரளவு வென்றிருந்தது. போத்தலின் பெயர் மாறினாற் போதாது; மருந்து தாக்கும் இடமும் மாறவேண்டும்.

அழுக்கணவனிடம் வேறொரு தந்திரமும் உண்டு. நஞ்சைப் பற்றி முறிக்கும் நொதியம் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு, எதிர்ப்பாற்றல் மிக்க அழுக்கணவன்களிலே பலமுறை படியெடுக்கப்பட்டிருப்பதை இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். சிலவற்றில் எண்பது படிகள் வரை உள. படிகள் பெருக நொதியமும் பெருகும். மருந்து நரம்பைச் சேருமுன்பே முடங்கிவிடும்.

இவ்வறிவினாற் கமத்துக்குப் பயன் யாதெனின், அதற்குப் பருத்தியே சான்று. மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் நஞ்சைத் தானே ஆக்கும் பருத்தி 1996இல் அமெரிக்காவிற் பயிராகத் தொடங்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில் அந்நஞ்சை வெல்லும் விகாரம் ஒடுங்கு தன்மையது. அதாவது தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தாலன்றிப் புழு பிழைக்காது. எனவே அரிசோனாவிலே நஞ்சில்லாப் பருத்தியும் அருகே புகலிடமாக நடப்பட்டது. அங்கே பெருகிய எளிய அந்துகள், நஞ்சுக்குத் தப்பிய அரியவற்றோடு கூடின. பிறந்த குஞ்சுகளிடம் விகாரம் ஒன்றே இருந்தமையால் அவை நஞ்சுப் பருத்தியில் மடிந்தன. பத்தாண்டுகள் சென்றும் அங்கே எதிர்ப்பு ஓங்கவில்லை. இந்தியாவிலும் புகலிடம் நடுமாறு விதி இருந்தது. ஆனால் ஓரிரண்டு ஏக்கர் உடையவர் தம் நிலத்தின் ஒரு பங்கைப் புழுவுக்கு விட எங்ஙனம் துணிவார்? பெரும்பாலோர் நடவில்லை. வேறு காரணங்களும் இருந்தன எனினும், 2009இல் குசராத்திலே அதே புழு எதிர்ப்பாற்றலோடு காணப்பட்டது. பின்னர் இரு நஞ்சுகள் சேர்த்த பருத்தியும் அதற்கு உணவாயிற்று.

அழுக்கணவனிடமோ புகலிட முறை எளிதிற் செல்லாது. ஆணின் துணையின்றியே பெண் தன்னை ஒத்த பெண்களை ஈனும் இயல்பினது அது. கலப்பு நேர்ந்தாலன்றோ எதிர்ப்பு நீர்க்கும்? எனினும் நொதியத்தை அளவிறந்து ஆக்கும் அழுக்கணவன்கள் இங்கிலாந்தின் கடுங்குளிரில் ஏனையவற்றைவிட மிகுதியாக மடிகின்றன. மருந்து ஓயும் காலத்தில் அச்சொத்தே அவற்றுக்குச் சுமையாகிறது. குளிர்காலமே இல்லாத நாடுகளில் அந்த உதவி கிடைப்பதில்லை.