ரூ.25 லட்சம் பரிசு என்று செய்தி வருகிறதா? முன்பணம் கேட்டால் மோசடிதான்!

"வாழ்த்துக்கள்! உங்கள் செல்போன் நம்பருக்கு ரூ.25 லட்சம் லாட்டரி பரிசு விழுந்திருக்கிறது!"

மும்பை தாராவியில் ஒரு தோல் பட்டறைத் தொழிலாளி. இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் அவருடைய செல்போனில் இப்படி ஒரு செய்தி வந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே நடிகர் அமிதாப்பச்சன் படம், ஒரு பாங்கியின் முத்திரை, இந்தியில் பேசும் குரல். ஊரில் அடகில் இருக்கும் நகை, தங்கை கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு எல்லாம் ஒரு நொடியில் அவர் கண்முன் வந்து நிற்கும்.

மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான். தூண்டில்காரனுக்குத் தக்கை மேலேதானே கண்!

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

"கோன் பனேகா குரோர்பதி" டெலிவிஷன் போட்டியின் பெயரைச் சொல்லி இந்த மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. நிகழ்ச்சியை நடத்துகிறவர்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டெல்லி போலீசாரும் இதைப்பற்றி எச்சரித்திருக்கிறார்கள்.

"இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் பேசுங்கள்" என்பார்கள். அந்த நம்பர் பல சமயம் 92 என்று தொடங்கும். அது பாகிஸ்தான் நாட்டு எண். இந்திய நம்பர் என்றால் 91 என்று தொடங்கும்.

பேசினால், "பரிசுப் பணத்தை அனுப்பச் சிறு கட்டணம் கட்டுங்கள், பிறகு திரும்பக் கிடைக்கும்" என்பார்கள். கட்டியதும் ஜி.எஸ்.டி. வரி என்பார்கள். அதையும் கட்டினால் "பரிசு 45 லட்சமாக உயர்ந்துவிட்டது" என்று சொல்லி மேலும் கேட்பார்கள். கையில் இருந்தது தீர்ந்து, கடன் வாங்கியும் கட்டிய பிறகு, ஒரு நாள் அந்தப் போன் மௌனமாகிவிடும்.

"பணம் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் வரும். அடுத்தவரிடம் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? ஊரில் என்றால் டீக்கடையிலாவது ஒருவர் தடுத்துவிடுவார். பிழைக்க வந்த இடத்தில் தனியாக இருப்பவரை யார் தடுப்பார்கள்? ஆகவே, சொல்லாதே என்று சொன்னாலே அறையில் இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

குமாஸ்தாக்களுக்கு இ-மெயில்

ஆபீஸ்களில் வேலை செய்பவர்களுக்கு வருவது இங்கிலீஷ் இ-மெயில். "உலகம் முழுவதும் இ-மெயில் முகவரிகளைக் குலுக்கியதில் உங்களுக்குப் பரிசு" என்று இருக்கும். பெயரைக் குறிப்பிடாமல் "அன்புள்ள வெற்றியாளரே" என்று தொடங்கும். பெரிய கம்பெனியின் பெயர் மேலே இருக்கும். அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய சாதாரண முகவரியாக இருக்கும்.

சீட்டே வாங்காதவருக்குப் பரிசு எப்படி விழும்? இந்த ஒரு கேள்வியே போதும்.

ரிசர்வ் வங்கியின் முத்திரையுடன் கடிதம் வந்தாலும் நம்பக்கூடாது. ரிசர்வ் வங்கி தனி நபர்களுக்குக் கணக்கு வைத்து நடத்துவதில்லை. பரிசு விழுந்ததாக யாருக்கும் இ-மெயில் அனுப்புவதும் இல்லை. மேலும், வெளிநாட்டு லாட்டரிக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது அன்னியச் செலாவணிச் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது.

உண்மையான பரிசு என்றால்?

கேரள அரசு 1967-ம் ஆண்டு முதல் லாட்டரி நடத்துகிறது. அங்கே காகிதச் சீட்டுதான். செல்போனில் விற்பது கிடையாது. சீட்டைக் கொடுத்தால்தான் பரிசு. லாட்டரி பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. ஆனால் அந்த வரியைப் பரிசு கொடுப்பவர்களே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். "முதலில் வரியைக் கட்டு, பிறகு பரிசு" என்றால் அது மோசடி.

பணம் வரவேண்டும் என்று சொல்லி உங்கள் ரகசிய எண்ணைப் போடச் சொன்னாலும் உஷார். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்கு உரியது. பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை.

கணக்கை இரவல் கொடுக்காதீர்கள்

ஏமாந்தவர்களின் பணம் நேராக வெளிநாட்டுக்குப் போவதில்லை. முதலில் இங்குள்ள யாரோ ஒருவரின் பாங்கிக் கணக்கில்தான் விழுகிறது. "உன் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்கவே கூடாது. போலீசார் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மூடி மறைக்கக்கூடாது. உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. தங்கள் பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். வந்த செய்திகளையும் பணம் கட்டிய ரசீதுகளையும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று மீண்டும் கட்டணம் கேட்டு யாராவது வந்தால், அவர்களும் அதே ரகம்தான்.

பரிசு கொடுக்கிறவன் பணம் கேட்கமாட்டான். பணம் கேட்கிறவன் பரிசு கொடுக்கமாட்டான். ஊரில் மாதப் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அது வேறு யார் கைக்கும் போய்விடக்கூடாது.