அயல்நாட்டுக் கும்பிடுபூச்சி: வளர்க்க விரும்புவோர் அறியவேண்டியவை

மலேசியா, இந்தோனேசியா முதலிய தேசங்களின் காடுகளில், பூவிதழ் போன்ற கால்களும் வெண்மையோடு இளஞ்சிவப்புக் கலந்த மேனியும் கொண்டு அசைவற்று நிற்கும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சியை மலரென்றே நம்பி, தேன் தேடிவரும் பூச்சிகள் தாமே அதன் பிடியில் வந்து விழுகின்றன. அத்தகைய விசித்திர ஜீவன் ஒன்று தம் வீட்டிலும் இருக்கவேண்டும் என்று சிலர் ஆசைகொள்வது இயற்கையே. ஆயினும், கடல் கடந்து வரும் ஓர் உயிரை விலைகொடுத்து வாங்குகிறவர், அதன் சுகத்துக்கும், அது தப்பிச்சென்றால் நம் நாட்டுப் பிராணிகளுக்கு விளையக்கூடிய தீங்குக்கும், அது இங்கு வந்துசேர்ந்த வழியின் நியாயத்துக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார். இவற்றை விசாரியாமல் பணம் கொடுப்பவர் பின்னர் சங்கடத்துக்கு ஆளாகிறார்.

பூச்சிக்கு நேரும் அபாயம்

இவ்வினத்தின் பெண் ஆறு, ஏழு சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் ஏறக்குறைய அதில் பாதியளவே. சுமார் 25 முதல் 30 பாகை வெப்பமும், ஈரப்பதமும், தடையற்ற காற்றோட்டமும் அதற்கு வேண்டும். மருந்து தெளித்த தோட்டத்தில் பிடித்த ஈக்களை இரையாகக் கொடுத்தால் அந்த நஞ்சு பூச்சியின் உடலிலும் ஏறிவிடும். ஒரே பெட்டியில் இரண்டை அடைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய வேளை தோலுரிப்பு. வளரும் பருவத்தில் பலமுறை தோலுரிக்கும் இப்பூச்சி, அதற்கு முன்னால் இரையை மறுத்து, பெட்டியின் மேல்வலையைக் கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. முதுகுப்புறத்தில் பழந்தோல் வெடித்துத் திறக்க, புதிய உடல் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நழுவி வெளிப்படுகிறது. மென்மை மாறாத கால்கள் காற்றில் நீண்டு இறுகுகின்றன. அச்சமயம் கீழே போதிய இடமில்லாவிடில் கால்கள் மடங்கியபடியே இறுகிப்போகும். காற்று வறண்டிருந்தால் பழந்தோல் உடலோடு ஒட்டிக்கொள்ளும். இரையாக விட்ட சுவர்க்கோழி ஒன்று மிஞ்சியிருந்தால், எதிர்க்கச் சக்தியற்ற அவ்வுடலை அதுவே கடித்துவிடும். ஆகையால் பெட்டியின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல் மும்மடங்கேனும் இருத்தல் அவசியம். நமது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் நீங்கலாக எல்லா உயிர்களையும் பிராணி என்றே வரையறுக்கிறது என்பதைப் பூச்சிதானே என்று அலட்சியம் காட்டுவோர் நினைவில் வைக்கவேண்டும்.

நாட்டுக்கு நேரும் அபாயம்

தென்னாப்பிரிக்கக் கும்பிடுபூச்சி 1978-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் முதன்முதலாகக் காணப்பட்டது. அந்நாட்டுக்கே உரிய கும்பிடுபூச்சி இனம் ஒன்றே ஒன்றுதான். அதன் ஆண்கள், தம் இனப் பெண்ணைவிட வந்தேறிய இனப் பெண்ணின் வாசனையால் அதிகமாக ஈர்க்கப்பட்டு, அதை நாடிச்சென்று இரையாகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் கண்டறிந்தனர். இன்னொரு தேசத்தின் பூச்சி வந்து குடியேறினால், சுதேச இனத்தின் சந்ததியே குன்றும்படி நேரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. கருவுற்ற பெண் இடும் முட்டைக்கூடு ஒன்றிலிருந்தே பல குஞ்சுகள் வெளிவரும் என்பதால், அக்கூட்டைக் குப்பையில் எறிவதும் தோட்டத்தில் போடுவதும் கூடா.

சட்டம் சொல்வது

கும்பிடுபூச்சிகள், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை, ஆகவே அனுமதி எதுவும் வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. பட்டியலைப்பற்றிய அக்கூற்று உண்மையே. அதிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவுதான் தவறு. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2003-இல் பிறப்பித்த தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி, உயிருள்ள பூச்சிகளை மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகர் வழங்கும் அனுமதிச் சீட்டின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரலாகாது. அனுமதியின்றி வந்ததைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம்; அபராதமும் விதிக்கலாம். பூச்சிகளை அனுமதியின்றிப் பிடித்துக் கடத்தும் விஷயத்தில் பிற தேசங்களிலும் கண்டிப்பு மிகுந்துவருகிறது. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சேகரித்த இரு அயல்நாட்டாருக்கு 2024-இல் ஆறு கோடி இலங்கை ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பஞ்சு வைத்த சோதனைக்குழாய்களில் சுமார் 5,000 எறும்புகளை அடைத்து வைத்திருந்த இரு இளைஞர்களைக் கென்ய நீதிமன்றம் 2025-இல் தண்டித்தது.

பரிகாரம்

வாங்குமுன் இறக்குமதி அனுமதிச் சீட்டின் நகலையும், விற்பவரின் பெயர், முகவரி அடங்கிய ரசீதையும் கேளுங்கள். இணையவழி வணிகத்தில் விற்பவர் தம் விவரங்களை மறைக்கக்கூடாது என்பதும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பதும் 2020-ஆம் ஆண்டு விதிகள். ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் அதற்குக் கட்டணமில்லை. ஆனால் கள்ளத்தனமாக வந்த சரக்கென்று தெரிந்தே வாங்கியவருக்கு நுகர்வோர் சட்டம் துணைநிற்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

ஏற்கெனவே அத்தகைய பூச்சி வீட்டில் இருக்குமானால், இரக்கத்தினால்கூட அதை வெளியே விடாதீர்கள். பிறருக்குக் கூரியரில் அனுப்பவும் வேண்டாம். முட்டைக்கூட்டை உறைபெட்டியில் சில நாட்கள் வைத்து அழித்துவிட்டு, சென்னை மீனம்பாக்கத்திலுள்ள தாவரத் தொற்றுக்காப்பு நிலையத்தாரிடம் ஆலோசனை பெறுங்கள்.

நீண்டு மெலிந்த கழுத்தும், காய்ந்த இலையொத்த கால்மடல்களும் கொண்டு, அயல்நாட்டு ஆர்வலர் பலரும் தேடி வளர்க்கும் வயலின் கும்பிடுபூச்சிக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம். நம் புதர்க்காடுகளில் அது வாழுமிடத்துக்கே சென்று, பிடிக்காமல் நின்று பார்த்துப் பழகுகிறவருக்கு, பிற தேசத்துப் பூச்சியைப் பெட்டியில் அடைத்து வாங்குவதால் கிடைக்கும் ஆனந்தத்தைவிடப் பெரிய ஆனந்தம் செலவின்றியே வாய்க்கும். அதனால் எந்த உயிருக்கும் இடரில்லை.