ஊர் மாறினாலும் உரிமை மாறாது

ஐதராபாத் நகரின் வடகிழக்கில் குஷாய்குடா அமைந்துள்ளது. இ.சி.ஐ.எல். நிறுவனமும் செர்லபள்ளித் தொழிற்பேட்டையும் இதற்கு அருகில் உள்ளன. வேலை நாடிப் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் இப்பகுதிக்கு வருகின்றன. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், உடன் வந்த பிள்ளைகளின் உணவுக்கும் கல்விக்கும் பாதுகாப்புக்கும் வழி என்ன?

முதல் வழி அங்கன்வாடி. 'அங்கன்' என்பது முற்றத்தைக் குறிக்கும் சொல். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் மையங்களே அங்கன்வாடிகள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இங்குச் சத்துணவும் முன்பருவக் கல்வியும் அளிக்கப்படுகின்றன. தடுப்பூசி போடவும் வழி செய்யப்படுகிறது. கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் பயன் பெறுகின்றனர். குழந்தையின் எடையை அவ்வப்போது நிறுத்து, வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மெலிவையும் அந்த அட்டை காட்டிவிடும். உரிய காலத்தில் மருத்துவரிடம் அனுப்ப அது உதவும்.

பள்ளி செல்லும் வயதில் படிப்பை இழந்த பிள்ளைகளின் நிலை கடினமானது. பத்து வயதுச் சிறுமியை ஐந்து வயதுக் குழந்தைகளோடு முதல் வகுப்பில் அமர்த்தினால், அவள் நாணி நின்றுவிடக்கூடும். இதற்குத் தீர்வு காண முனைந்தது ஐதராபாத்தைச் சேர்ந்த எம்.வி. அறக்கட்டளை. 1981இல் நிறுவப்பட்ட இவ்வமைப்பு, 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டத்தில் குழந்தைத் தொழிலாளர்களை மீட்கும் பணியில் ஈடுபட்டது. ஊர் இளைஞர்கள் தொண்டர்களாகி, வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினர். மாடு மேய்த்த பிள்ளைகளும் வயலில் உழைத்த பிள்ளைகளும் இணைப்பு முகாம்களில் சில மாதங்கள் பயின்றனர். பின்னர்த் தம் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்ந்தனர். இப்பணிக்குத் தலைமை தாங்கிய சாந்தா சின்கா 2003இல் மகசேசே விருது பெற்றார்.

வயதுக்குரிய வகுப்பு என்னும் இக்கருத்து, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை அச்சட்டம் வழங்குகிறது. வயதுச் சான்று இல்லை என்று கூறிச் சேர்க்கையை மறுத்தல் கூடாது. முந்தைய அரசுப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், புதிய ஊரின் அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப் போடக் கூடாது.

ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு 1098 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண் உள்ளது. குழந்தையே அழைக்கலாம், அக்குழந்தைக்காக மற்றவரும் அழைக்கலாம். இரவும் பகலும் இச்சேவை கிடைக்கும்.

இத்தனை உதவிகள் இருந்தும், அவற்றை அறியாதவருக்கு அவை எட்டுவதில்லை. தமிழகத்திலிருந்து புதிதாக வந்த தாய்க்குத் தெலுங்கு தெரியாதிருக்கலாம்; அங்கன்வாடி எந்தத் தெருவில் உள்ளது என்பதும் தெரியாதிருக்கலாம். இரு மொழியும் அறிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை உடன் சென்று பேசினால், அக்குடும்பத்திற்குக் கதவு திறக்கும்.

கலந்துரையாடுக:
1. வளர்ச்சி அட்டை குழந்தைக்கு எவ்வாறு உதவுகிறது?
2. உங்கள் தெருவுக்குப் புதிதாக வரும் குடும்பத்திற்கு நீங்கள் எவ்வாறு வழிகாட்டுவீர்கள்?