இடது முழங்காலும் கிளட்ச் மிதியும்



எங்கள் பள்ளிவாசலில் ஓட்டுநர் ஒருவர் சில மாதங்களாக நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தார். ஐம்பது வயதும் நிரம்பாதவர். திசையன்விளையிலிருந்து முருங்கைக்காயும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு வள்ளியூர், நாகர்கோவில் என்று பழைய பிக்கப் வண்டியில் செல்பவர். “இடது முழங்கால் மடங்க மாட்டேனென்கிறது, ஹஜ்ரத்” என்றார். அவ்வண்டியின் கிளட்சை நானே மிதித்துப் பார்த்தேன். மூன்றாம் முறை தொடை நடுங்கிற்று.

அது கேபிள் கிளட்ச். மிதியை அழுத்தினால் உறைக்குள் ஓடும் இரும்புக் கம்பி இழுபட்டு, கியர்பெட்டியருகே உள்ள நெம்புகோலை அசைக்கும். தேரிக்காட்டுச் செம்மணல் உறைக்குள் புகுந்து, கிரீசும் உலர்ந்துவிட்டால், காலின் வலுவில் ஒரு பங்கு உராய்விலேயே வீணாகிறது. ஹைட்ராலிக் முறையிலோ, கம்பி செய்யும் வேலையைக் குழாயில் அடைபட்ட பிரேக் ஆயில் செய்கிறது. மிதியருகே மாஸ்டர் சிலிண்டர். கியர்பெட்டியருகே ஸ்லேவ் சிலிண்டர்.

உருளையும் உந்துதண்டும் நமக்குப் புதியவையல்ல. 1206ஆம் ஆண்டிலேயே அல்ஜஸரீ தம் நூலில், இரட்டை உருளைகள் கொண்ட நீரிறைக்கும் எந்திரத்தை வரைந்து விளக்கியிருக்கிறார். எனினும், அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் விதியை வகுத்தவர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். எல்லாம் நம்மவர் கண்டதே என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று.

ஹைட்ராலிக்குக்கு மாற்றிவிட்டாலே மிதி இலேசாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்லேவ் உந்துதண்டின் பரப்பு மாஸ்டருடையதைப் போல் இரு மடங்கானால் 10 கிலோ அழுத்தம் 20 கிலோவாகும். ஆனால் 20 மில்லிமீட்டர் நகர்வு 10 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். நம் ஓட்டுநருக்கு நேர்ந்ததும் இதுவே. பட்டறையில் முதலில் பொருத்திய ஸ்லேவ் சிலிண்டர் மிகப் பெரிது. மிதி பூப்போல் இறங்கிற்று. கிளட்சோ முழுதும் விடுபடவில்லை. கியர் கரகரவென்று அலறியது. அளவு குறைந்த ஒன்றை மாட்டிய பிறகே வண்டி ஒழுங்குக்கு வந்தது. இதற்குள் மூன்று நாள் கூலி போயிற்று.

ஆகவே, செலவில் இறங்குமுன் கேபிளைப் புதிதாக மாற்றிப் பாருங்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும் மிதி கடினப்படும்; அந்நோய்க்கு ஹைட்ராலிக் மருந்தாகாது. மாற்றத்தான் வேண்டுமெனில், மாஸ்டர் சிலிண்டர் அமரும் தகட்டுக்குப் பின்னால் கனத்த பட்டை வைத்து வலுப்படுத்தச் சொல்லுங்கள். மெல்லிய தகடு மிதிக்க மிதிக்க வளைந்து, நாளடைவில் விரிசலிடும். குழாயில் காற்றுக் குமிழி மிஞ்சினால் மிதி பஞ்சுபோலாகும்; ஒருவர் மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

அவருடைய முழங்கால் இன்னும் முற்றிலும் குணமாகவில்லை, மருத்துவரிடம் சென்றுவருகிறார். பிற்பகல் சவாரி முடிந்தும் நொண்டாமல் அஸருக்கு வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்று. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை அந்தக் கிண்ணத்தில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.