புரோகிராமிங் பாடம்: எதுவரை உதவி, எது காப்பி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், சில நாட்கள் கேம்ஸ், சினிமா என்று பார்த்துவிட்டு, அடுத்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டால் என்ன என்று நினைப்பது வழக்கம். என் சித்தி மகனும் அப்படித்தான். பிளஸ் டூ விடுமுறையில் கம்ப்யூட்டர் வந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இன்டர்நெட் வழியே இலவசமாகத் தரும் சிஎஸ்50 என்ற பாடத்தில் சேர்ந்தான். சில நாட்களில் போன் வந்தது.

"அண்ணா, சி மொழியில ஒரு புரோகிராம் கேட்டிருக்காங்க. நீங்களே எழுதி அனுப்பிடுங்களேன். நெட்லயும் ஆன்சர் கிடைக்குது, ஆனா ஒண்ணும் புரியல."

எனக்கு என் கல்லூரி லேப் நினைவுக்கு வந்தது. இரண்டாம் ஆண்டில் லிங்க்டு லிஸ்ட் புரோகிராம் ஒன்றை எழுதி வரச் சொன்னார்கள். ஹாஸ்டல் அறை நண்பன் எழுதியதை பென் டிரைவில் வாங்கி, வேரியபிள்களின் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். (புரோகிராமில் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் இடம்தான் வேரியபிள். அதற்கு நாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம்.) லேப் மேடம் திரையில் ஒரு வரியைக் காட்டி, "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. இருவருக்கும் பூஜ்யம். இரண்டு இரவு கண்விழித்து எழுதியவன் அவன். "அவன் சொந்தமாக எழுதியது மேடம், நான்தான் காப்பி அடித்தேன்" என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த செமஸ்டர் முழுக்க அவன் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

பெயர்களை மாற்றினால் கண்டுபிடிக்க முடியாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இதற்கென்றே 'மாஸ்' என்ற சாப்ட்வேரை 1994ல் அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஐகன் உருவாக்கினார். பல நாட்டுக் கல்லூரிகளில் இது பயன்படுகிறது. வேரியபிள் பெயர்களையும் இடைவெளிகளையும் இது கணக்கில் எடுப்பதில்லை. மீதி இருப்பதைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அவற்றில் சிலவற்றைக் கைரேகை போலப் பதிந்து வைக்கிறது. இரண்டு புரோகிராம்களில் ஒரே ரேகைகள் நிறைய இருந்தால், அந்த வரிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டிவிடும். காப்பிதான் என்று தீர்ப்புச் சொல்வது சாப்ட்வேர் அல்ல. ஆசிரியர்தான் பார்த்து முடிவு செய்திட வேண்டும்.

அப்படியானால் யாரிடமும் எதுவுமே கேட்கக்கூடாதா? கேட்கலாம். சிஎஸ்50 பாடத்தின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உதவி கேட்கும்போது உங்கள் புரோகிராமை மற்றவரிடம் காட்டலாம். அவருடையதை நீங்கள் பார்க்கக்கூடாது. கணக்கைப் பற்றிப் பேச்சு மொழியில் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். தமிழிலும்தான்! வேறு ஏதோ ஒரு சிறு வேலைக்காக நெட்டில் கிடைத்த சில வரிகளைச் சேர்த்தால், எங்கிருந்து எடுத்தது என்று எழுதிட வேண்டும். கேட்ட கணக்கின் விடையையே தேடி எடுப்பது தவறு. சாட்ஜிபிடி போன்றவற்றை எழுதித் தரச் சொல்வதும் இதில் சேர்த்தி. அதற்குப் பதிலாக, குறிப்பு மட்டும் சொல்லும் 'வாத்து' ஒன்றை 2023 முதல் அவர்களே தருகிறார்கள்.

ஹார்வர்டில் 2014ல் இன்னொரு விதியும் சேர்த்தார்கள். தவறு செய்த மாணவர் 72 மணி நேரத்திற்குள் தானே வந்து சொல்லிவிட்டால், அந்த வேலைக்கு மதிப்பெண் போகலாம். ஆனால், திரும்பத் திரும்பச் செய்தால் தவிர, விஷயத்தை மேலிடத்திற்குக் கொண்டுபோக மாட்டார்கள். எங்கள் லேபில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் நான் போய்ச் சொல்லியிருப்பேனா? சத்தியம் செய்ய முடியாது.

"ஆபீஸில் நீங்கள் நெட்டைப் பார்த்து எழுதுவதில்லையா?" என்று கேட்பீர்கள். தினமும்தான் எழுதுகிறேன். அங்கே வேலை முடிய வேண்டும். பாடத்திலோ அந்தப் புரோகிராம் யாருக்கும் தேவையில்லை. அதை எழுதுவதால் உங்களுக்கு வரும் பழக்கம்தான் தேவை.

தம்பிக்குக் கொடுத்திருந்தது, ஹாஷ் குறிகளால் மாரியோ கேம் படிக்கட்டு வரையும் புரோகிராம். கட்டம் போட்ட நோட்டில் 4 வரி உயரத்திற்கு வரையச் சொன்னேன். "முதல் வரியில் எத்தனை காலிக் கட்டம், எத்தனை ஹாஷ்? இரண்டாவதில்?" என்று எண்ணச் சொன்னேன். "3, 1... 2, 2... அண்ணா, ரெண்டையும் கூட்டினா எப்பவும் 4 வருது!" என்றான். போனை வைத்துவிட்டான்.

இரவு பத்தரைக்கு மீண்டும் போன். படிக்கட்டு தலைகீழாக வருகிறதாம். அவன் எழுதியதை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். "உள்ளே இருக்கும் முதல் லூப்பை மட்டும் திரும்பப் பார்" என்றேன். பன்னிரண்டு மணிக்கு மேல் படிக்கட்டு நேராக நின்றது. புரோகிராமின் தலைப்பில் கமெண்ட்டாக என் பெயரைப் போடட்டுமா என்றான். "லூப்பில் தவறு இருக்கும் இடத்தைக் காட்டியவர் அண்ணன்" என்று மட்டும் எழுதச் சொன்னேன்.