தட்டில் வைக்கும் காசும் தர வேண்டிய கூலியும்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்ததும் நாங்கள் குடும்பத்தோடு போடிநாயக்கனூரில் ஓர் உணவகத்திற்குச் சென்று சிற்றுண்டி அருந்தினோம். அந்த உணவகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடையின்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. எங்களுக்குப் பரிமாறியவர் ஐம்பது வயதைக் கடந்தவர். முகம் சுளிக்காமல், குழந்தைகளின் விருப்பம் அறிந்து பரிமாறினார். பில் வந்த தட்டில் இருபது ரூபாய் வைத்துவிட்டு, தாராளமாக நடந்துகொண்டோம் என்ற மனநிறைவோடு வெளியே வந்தோம்.

தெருவில் இறங்கிய பிறகுதான் குடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பச் சென்றபோது, நாங்கள் வைத்த இருபது ரூபாய் கல்லாவின் அருகே இருந்த ஒரு தகரப் பெட்டிக்குள் விழுவதைக் கண்டோம். "உங்களுக்குத்தானே அதை வைத்தோம்?" என்று அவரிடம் மெல்லக் கேட்டோம்.

"பெட்டியில் சேர்வதை வாரக் கடைசியில் எல்லாருக்கும் பங்கு போடுவாங்க, ஐயா. கிளாஸ் உடைந்தால் அதிலேதான் கழிப்பாங்க. வேலைக்குச் சேரும்போதே, டிப்ஸ் வரும் என்று சொல்லித்தான் சம்பளத்தைக் குறைத்துப் பேசினாங்க" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "நானும் நம்ம கோவில்தான், ஐயா. பூசை முடிந்து நீங்கள் எல்லாரும் இங்கே வருவீங்க. அதனால் எனக்கு ஞாயிறு லீவு கிடையாது" என்றும் சொன்னார்.

வீடு வந்து சேரும்வரை எங்களுள் எவரும் பேசவில்லை.

யாருக்குக் கொடுத்தோம்?

அன்பர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். டிப்ஸ் வரும் என்பதைக் காரணம் காட்டி ஒருவருடைய சம்பளம் குறைக்கப்பட்டால், நாம் தட்டில் வைக்கும் காசு உண்மையில் யாருக்குப் போய்ச் சேர்கிறது? தொழிலாளிக்கு அவர் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியை முதலாளி மிச்சப்படுத்துகிறார். அந்தக் குறையை நாம் நிரப்புகிறோம். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற பழமொழி இதற்குப் பொருந்துமன்றோ!

இந்த வழக்கம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க நாடு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, நடுவண் அரசின் சட்டப்படி, மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே. 1991ஆம் ஆண்டு முதல் இத்தொகை உயரவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலியோ 7 டாலர் 25 சென்ட். இடைவெளியை டிப்ஸ் நிரப்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. ஆயினும், கூலியின் பெரும்பகுதி வாடிக்கையாளரின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் அவ்வழியில் செல்லவில்லை. உணவகத் தொழிலுக்குத் தமிழக அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்துள்ளது. அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளியே. 2016 ஏப்ரலில், ஓட்டல்கள் தொடர்பான ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. வார விடுமுறை உணவக ஊழியரின் உரிமை என்று 1958ஆம் ஆண்டிலேயே நம் மாநிலம் சட்டம் இயற்றியது.

பில்லிலேயே ‘சேவைக் கட்டணம்’ சேர்க்கும் பழக்கம் நகரங்களில் பரவியது. அதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. அன்பளிப்பு என்பது விரும்பிக் கொடுப்பது, வசூலிப்பது அன்று.

மலை கற்பித்த பாடம்

எங்களுக்குப் பரிமாறியவரின் மனைவி ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பவராம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு வழியாக மலையேறும் நூற்றுக்கணக்கான பெண்களுள் ஒருவர். அவர்கள் பறிக்கும் ஏலக்காய் போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போகிறது. காயின் பருமனும் நிறமும் பார்த்து விலை சொல்லப்படுகிறது. காய்க்கு இத்தனை நுணுக்கமாக விலை காணும் நம் ஊரில், அதைப் பறிக்கும் கைக்கும், பறித்தவர் வீட்டாருக்கும் உரிய விலை என்ன என்பதையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டாமா?

போடியிலிருந்து மேலே செல்லும் சாலை மூணாற்றை அடைகிறது. அங்கே 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அந்நாளில் அவர்களது தினக்கூலி 232 ரூபாய். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அப்போராட்டத்தின் முடிவில் 20 விழுக்காடு கிடைத்தது. அது வழங்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள்: 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத் தொகை! கேட்டது நியாயம், அதில் பெரும்பகுதி வந்ததோ கருணை என்ற பெயரில். கூலி ரூ.301 ஆக உயர்ந்தது அதற்குப் பின்னரே. உரிமையைக் கருணையென்று பெயரிட்டுக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை இது காட்டவில்லையா?

திருச்சபை இதைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், வேறு வழியின்றித் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அந்த இசைவு அநீதியை நீதியாக்காது என்று கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியைப் பற்றி 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏட்டில், நீதியின்படி செலுத்த வேண்டியதைத் தருமமாகக் காட்டிக் கொடுக்கலாகாது என்று எச்சரித்தது. கடனைக் கொடுத்த பிறகே கொடை.

வாசலில் நிற்கும் இளைஞர்

மதுரையிலும் சென்னையிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இரவு உணவைக் கைப்பேசியில் கேட்டு வாங்குகிறார்கள். அதைக் கொண்டுவரும் இளைஞரும் நம் ஊர்ப்பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளையே. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் இவ்வளவு என்ற கணக்குத்தான். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, மழையும் வெயிலும் அவருடையவை. உணவகத்தில் காத்திருக்கும் நேரமும், நம் வீட்டு முகவரி தெரியாமல் அலையும் நேரமும் அவருடைய வருவாயைக் குறைக்கின்றன.

இத்தகையோருக்கெனத் தமிழக அரசு 2023ஆம் ஆண்டின் இறுதியில் தனி நல வாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இந்நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்களின் நலனுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டிலோ உறவிலோ இவ்வேலை பார்ப்பவர் இருந்தால், வாரியத்தில் பதிவு செய்துவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். நூறு முறை கொடுக்கும் டிப்ஸைவிட இந்த ஒரு கேள்வி பயன் தரக்கூடும்.

கொடுக்கும் முறை

அப்படியானால் டிப்ஸ் கொடுக்கவே வேண்டாமா? கொடுங்கள்! கூலி நியாயமாகும்வரை அந்தப் பத்து ரூபாய் ஒரு வீட்டின் பால் செலவாகிறது. ஆனால் முறையறிந்து கொடுங்கள்.

தட்டில் வைத்துவிட்டுப் போகாமல், பரிமாறியவரின் கையில், முகம் பார்த்து, நன்றி சொல்லிக் கொடுங்கள். மேசை துடைப்பவரையும், பின்கட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவையும் மறவாதீர்கள். வயதில் மூத்தவரை ஒருமையில் அழைக்காதீர்கள். உணவு கொண்டுவருபவருக்கு வழியைத் தெளிவாகச் சொல்லுங்கள். வாசல் விளக்கை ஏற்றி வையுங்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். கொடுக்க இயலாத நாளில் கூச்சப்பட வேண்டியதில்லை. கனிவான சொல்லுக்குக் காசு வேண்டாம். பிள்ளைகளின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். அதே வேளையில், இது கூலி ஆகாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம் என்று நம் வீடுகளில் விருந்து நடக்கிறது. சமையல் ஒப்பந்தக்காரரிடம் இலைக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு நாளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா? நாம் குறைக்கும் ஐந்து ரூபாய் எவருடைய கூலியிலிருந்து குறைகிறது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

நம்முள் கடை நடத்துவோரும் உண்டு. அரிசி விலையும் எரிவாயு விலையும் அவர்களை நெருக்குவதை நாம் அறிவோம். ஆயினும் அவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்: சட்டம் விதித்த கூலியை, டிப்ஸைக் கணக்கில் எடுக்காமல், உரிய நாளில் கொடுங்கள். உடைந்த கிளாஸின் விலையைத் தொழிலாளியின் டிப்ஸில் கழிக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தாருங்கள். அதனால் தோசைக்கு இரண்டு ரூபாய் கூடுமானால், முணுமுணுக்காமல் கொடுப்பது உண்பவராகிய நம் கடமை.

சென்ற ஞாயிறு மீண்டும் அந்த உணவகத்திற்குச் சென்றோம். இம்முறை காசை அவர் கையிலேயே கொடுத்தோம். பிறகு கல்லாவில் அமர்ந்திருந்த உரிமையாளரிடம், ஞாயிறு காலையில் ஊழியர்களை முறைவைத்துத் திருப்பலிக்கு அனுப்ப இயலுமா என்று பணிவோடு கேட்டோம். "பார்க்கலாம்" என்றார். அது வாக்குறுதியாகாது என்பதை அறிவோம். ஆனால் நம் பங்கில் பத்துக் குடும்பங்கள் அதே கேள்வியைக் கேட்டால், அந்தப் "பார்க்கலாம்" ஒரு நாள் "சரி" என்று மாறாதா? திருப்பலியில் நம் பக்கத்தில் அமர வேண்டிய ஒருவர் நமக்காக இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை இனி நாம் மறவாதிருப்போமாக.