பிரான்சில் ஒரு பழைய வீடு: திருத்துமுன் கவனிக்க வேண்டியவை



எங்களில் பலருக்கு பிரான்சில் ஓர் அக்காவோ, தம்பியோ, மகளோ இருக்கிறார்கள். பல வருடங்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, "சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட்டோம்" என்று அவர்கள் தொலைபேசியில் சொல்லும்போது எமக்கும் மனம் நிறைகிறது. ஆனால் பாரிஸ் நகருக்குள் வீட்டு விலை சாதாரணத் தொழிலாளியின் கைக்கு எட்டாது. எனவே தூரத்துச் சிறு நகரங்களில் நூறு வருடம் பழைய வீடுகளை வாங்குகிறவர்களும் உண்டு. அப்படி வாங்கிய ஒரு வீட்டின் கதையையும் அதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். பிரான்சில் உள்ள உங்கள் உறவுகளுக்கு இதைப் படித்துக் காட்டினால் அவர்களுடைய பணமும் பிள்ளைகளின் சுகமும் தப்பலாம்.

என் பெரியம்மாவின் மகள் 2009ஆம் ஆண்டு வன்னியில் கணவரை இழந்தவர். பின்னர் கைக்குழந்தையுடன் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்து, சீட்டுப் பிடித்து, வங்கிக் கடனும் எடுத்து 2017இல் ஒரு வீடு வாங்கினார். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், உவாஸ் மாவட்டத்தில் அந்த வீடு இருக்கிறது. அப்பகுதி சுண்ணக்கல்லுக்குப் பேர்போனது. பாரிஸ் நகரின் பல கட்டடங்கள் அங்கு வெட்டிய கல்லால்தான் எழும்பின. அக்காவின் வீடும் அந்தக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டிய வீடு.

நான் மூன்று மாத விசாவில் 2019 மார்ச்சில் அங்கே போனேன். வாசலில் கால் வைத்ததும் ஈரச் சாக்கு மணம் அடித்தது. பெறாமகளின் அறைச் சுவரில் பெயின்ற் கொப்பளித்து, மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பிள்ளை இரவெல்லாம் இருமினாள்.

"இஞ்ச பாரடி தங்கச்சி, நாலாயிரம் யூரோ குடுத்துப் பூசினது. ஒரு வருசம் தாங்கேல்ல" என்று அக்கா சுவரைத் தடவிக் காட்டினார்.

நோய் ஒன்று, மருந்து வேறொன்று

வீடு வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே சுவரின் அடிப்பாகத்தில் ஈரம் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஒப்பந்தகாரர் ஒருவர், "சீமெந்து பூசி, மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் சரி" என்று சொல்லி இரண்டு கிழமையில் வேலையை முடித்துவிட்டுப் போனார். பணம் கையில் கொடுக்கப்பட்டது. எழுத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற மேசன் ஒருவர் இருந்தார். அக்காவின் மகள்தான் அவரைக் கூட்டி வந்தாள். அவர் சொன்னதை எங்களுக்கு மொழிபெயர்த்தவளும் அவளே. அவர் சுவரைத் தொடுவதற்கு முன் வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு மூன்று விடயங்களைக் காட்டினார்.

முதலாவது, கூரைப் பீலியின் இறக்கக் குழாய் வெடித்து, மழைநீர் முழுவதும் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது, சுவரோடு ஒட்டி வெளியே போட்டிருந்த சீமெந்துத் தளம் வீட்டின் நிலமட்டத்தைவிட உயர்ந்திருந்தது. தண்ணீர் ஓட வழியின்றி அடித்தளத்துக்குள் இறங்கியது. மூன்றாவது, உள்ளே பூசிய சீமெந்து.

பழைய கல் வீடுகளுக்குப் பெரும்பாலும் இன்றைய வீடுகளைப் போல அடியில் ஈரத்தடை போடுவதில்லை. நிலத்து ஈரம் கொஞ்சம் சுவரில் ஏறும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் உள்ளது. ஏறிய ஈரம் அதனூடாக ஆவியாகிப் போய்விடும். நூறு வருடமாக அந்தச் சுவர் அப்படித்தான் உலர்ந்து வந்திருக்கிறது. இறுக்கமான சீமெந்தும் பிளாஸ்ரிக் பெயின்ற்றும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் சுவருக்குள்ளேயே சிறைப்பட்டு இன்னும் மேலே ஏறுகிறது. கல் உதிர்கிறது, மரவளைகளின் நுனி உக்குகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது.

"சுவருக்கு வியர்க்க வழி விடுங்கள்" என்றார் அந்த மேசன். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவின் பழைய கல்வீடு நினைவுக்கு வந்தது. அதுவும் சுண்ணாம்பில் கட்டியதுதான். அதற்கும் ஒருமுறை சீமெந்து பூசி, பூச்சு பொருமி விழுந்ததை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன்.

செய்த வேலையின் ஒழுங்கு

முதலில் பீலியும் குழாயும் மாற்றப்பட்டன. அடுத்து வெளித் தளத்தைச் சுவரோரமாக உடைத்து எடுத்து, சரளைக்கல் இட்டு, நீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தோம். பிறகுதான் உள்ளே கை வைத்தோம். அக்காவும் நானும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் உளியும் சுத்தியலுமாகச் சீமெந்தைத் தட்டி எடுத்தோம்.

அதன்பின் ஒன்றும் செய்யாமல் விட்டதுதான் கடினமான வேலை. தடித்த கல்சுவர் உலர மாதக்கணக்கு எடுக்கும். வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு அக்கா ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். பிள்ளையின் கட்டில் மேல்மாடிக்கு மாறியது. 2020 கோடையில் அந்த மேசனின் வழிகாட்டலில் இன்னொரு பதிவு செய்த தொழிலாளி சுண்ணாம்புச் சாந்து பூசினார்.

இவ்வேலைக்கு விற்கப்படும் இயற்கை நீரியல் சுண்ணாம்பில் 2, 3.5, 5 என மூன்று வலுத்தரங்கள் உண்டு. இளகிய பழங்கல்லுக்கு வலுக் குறைந்ததே பொருந்தும். பூசும் சாந்து கல்லைவிடக் கடினமாக இருக்கக்கூடாது என்பதே விதி. உறைபனிக் காலத்திலும் கடும் வெயிலிலும் பூசக்கூடாது. 5 பாகைக்கு மேலும் 30 பாகைக்குக் கீழும் உள்ள நாட்களே நல்லவை. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவேண்டாம்.

வாங்குமுன் கேட்கவேண்டிய கடதாசிகள்

பிரான்சில் வீடு விற்பவர் ஒரு பரிசோதனைக் கோவையைத் தரவேண்டும். 1949க்கு முன் கட்டிய வீடென்றால் பெயின்ற்றில் ஈயம் உண்டா என்ற அறிக்கை, 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்ற கட்டடம் என்றால் அஸ்பெஸ்டஸ் அறிக்கை, 15 வருடத்துக்கு மேற்பட்ட மின்சார, எரிவாயு இணைப்புகளின் அறிக்கை, கறையான் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடமென்றால் அதன் அறிக்கை, வீடு எவ்வளவு சக்தியை விழுங்குகிறது என்று A முதல் G வரை தரப்படுத்தும் அறிக்கை என்பன அதில் அடங்கும்.

அக்காவிடம் இந்தக் கோவை இருந்தது. ஆனால் இரண்டு வருடமாக ஒருவரும் அதைத் திறக்கவில்லை. "எனக்கு விளங்காது எண்டு வைச்சிட்டன்" என்றார். நாங்கள் மூவருமாக அகராதியோடு இருந்து வாசித்தோம். யன்னல் சட்டங்களின் பழைய பெயின்ற்றில் ஈயம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அதை அறியாமல் காய்ந்த பெயின்ற்றை உரஞ்சியிருந்தால், அந்தத் தூசு பிள்ளையின் உடலுக்குள் போயிருக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. அஸ்பெஸ்டசும் ஆபத்தானது. அதை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதற்குரிய அத்தாட்சி பெற்றவர்களே அகற்றவேண்டும்.

முதல் விற்பனை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னும், வாங்குபவருக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் சட்டத்தில் உண்டு. அந்தப் பத்து நாளையும் வாசிப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

வேலை கொடுக்குமுன்

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் ஒன்றை அங்கே கவனித்தேன். தனித்திருக்கும் பெண், மொழி தெரியாதவள் என்றால் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். ஒருவரும் எழுத்தில் தரமாட்டார்கள். அக்காவை ஏமாற்றியது சீமெந்து மட்டுமல்ல, "தெரிந்த ஆள்தானே" என்ற நம்பிக்கையும்தான். எனவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. 'டெவி' எனப்படும் எழுத்துமூல விலைமதிப்பை மூன்று பேரிடமாவது எடுங்கள். என்ன பொருள், எத்தனை சதுர மீற்றர், எப்போது முடியும் என்பன அதில் இருக்கவேண்டும்.

2. பத்து வருடப் பொறுப்புக் காப்புறுதியின் அத்தாட்சியை வேலை தொடங்குமுன் கேளுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் உறுதியைக் கெடுக்கும் அல்லது அதை வாழத் தகாததாக்கும் பாரிய குறைகளுக்குக் கட்டுநர் பத்து வருடம் பொறுப்பு. பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் காசு கொடுத்தால் அதை நிரூபிப்பது மிகக் கடினம். அக்காவின் நாலாயிரம் யூரோ திரும்பி வராமல் போனது இதனால்தான்.

3. முழுப் பணத்தையும் முற்கூட்டிக் கொடுக்கவேண்டாம். வேலை முடிந்ததும் சுற்றிப் பார்த்து, குறைகளை எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்.

4. யன்னல், கூரை ஓடு போன்று வெளித்தோற்றம் மாறும் வேலை என்றால் முதலில் 'மேரி' எனப்படும் நகரசபையில் அறிவியுங்கள். பழைய தேவாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகே, பொதுவாக 500 மீற்றருக்குள் வீடு இருந்தால், அரசின் கட்டடக்கலைஞரின் கருத்தும் தேவைப்படலாம்.

5. குளிர்காப்பு வேலைகளுக்கு அரச உதவி உண்டு. 'மா ப்ரீம் ரெனோவ்' என்ற உதவித்தொகை 2020இல் தொடங்கியது. விதிகள் அடிக்கடி மாறுவதால், ஒப்பந்தம் எழுதுமுன் 'பிரான்ஸ் ரெனோவ்' என்ற அரச சேவையில் விசாரியுங்கள். ஆலோசனை இலவசம். இவ்வேலைகளுக்காகத் தொலைபேசியில் அழைத்து ஆள்பிடிப்பது 2020 முதல் அங்கே தடைசெய்யப்பட்டது. அப்படி அழைப்பு வந்தால் வங்கி விபரமோ வரி இலக்கமோ சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

வருடாந்தப் பராமரிப்பு

பெரிய திருத்தத்தைவிடச் சிறு கவனிப்பே வீட்டைக் காப்பாற்றும். அக்கா ஒரு கொப்பியில் இப்படி எழுதி, குசினிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்.

வசந்தத்தில்: குளிர்காலக் காற்றில் ஓடுகள் விலகினவா என்று பார்த்தல். சுவர் வெடிப்புகளைப் பார்த்தல். வெடிப்புக்குக் குறுக்கே சிறிது ஜிப்சம் பூசித் திகதி எழுதிவிட்டால், அது மீண்டும் வெடிக்கிறதா என்று தெரியும். வெடித்தால் சுவர் அசைகிறது என்று பொருள். உடனே தெரிந்தவரை அழைக்கவேண்டும்.

கோடையில்: சாந்து வேலைகளும் மரயன்னல் பெயின்ற் வேலைகளும். சுவரில் ஏறும் கொடிகளை வெட்டுதல்.

இலையுதிர் காலத்தில்: இலைகள் கொட்டி முடிந்ததும் பீலிகளைத் துப்புரவு செய்தல். புகைபோக்கியைத் தொழிலாளியைக் கொண்டு சுத்தம் செய்து அத்தாட்சி வாங்குதல். தீ விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் அதைக் கேட்கும்.

குளிர்காலத்தில்: வெளிக் குழாயின் நீரை அடைத்து வடியவிடுதல், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்காமல் இருத்தல்.

இந்தக் கடைசி விடயம் எங்கள் ஆட்களுக்கு மிக முக்கியம். சோறும் கறியும் சமைக்கும் ஆவி, வீட்டுக்குள் காயப்போடும் உடுப்பு, குளியல் எல்லாம் சேர்ந்து நாளுக்குப் பல லீற்றர் நீரைக் காற்றில் கலக்கின்றன. எவ்வளவு குளிரென்றாலும் காலையும் மாலையும் 10 நிமிடம் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். சில யூரோவுக்கு வாங்கக்கூடிய ஈரப்பதமானி 40க்கும் 60க்கும் இடையில் காட்டினால் நல்லது.

அடைத்த வீட்டில் கரி அடுப்பு எரிப்பது உயிராபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. பலருக்கு ஒரேநேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால், யன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து 18 அல்லது 112ஐ அழைக்கவேண்டும். புகை அறிவிப்பான் 2015 மார்ச் முதல் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயம்.

மீண்டும் போனபோது

2023இல் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். ஈரச் சாக்கு மணம் இல்லை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரோடு மேசை போட்டு, பெறாமகள் படித்துக்கொண்டிருந்தாள். இருமல் போய்விட்டது. அடிச்சுவரில் ஓரிடத்தில் மட்டும் மழைக்காலத்தில் இன்னும் ஈரம் காண்கிறது. "அது காயும், விடு" என்று அக்கா ஆறுதலாகச் சொன்னார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஏழு வீடுகளை விட்டு ஓடியவர் அவர். எந்த வீட்டுச் சுவரும் காயும்வரை அங்கே இருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பிரான்சிலோ எங்கள் ஊரிலோ, பழைய வீடு ஒன்றைத் திருத்தப் போகும் சகோதரிகளுக்கு அக்காவின் சார்பில் நான் சொல்வது இதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள். அதை நிறுத்திவிட்டு, சுவர் காயும்வரை பொறுத்திருங்கள். கடதாசி விளங்கவில்லை என்றால் மூடி வைக்காதீர்கள். விளங்கும்வரை யாரிடமாவது கேளுங்கள். வீடு உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையது.